கீல் மடிப்பில் சிவப்பு

நூலகத்தில் ஏர்கண்டிஷன் சத்தம் அதிகம்.
படிவம் நான்கு, இருபத்தொன்பது பேர்,
ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பென்சில்.
முதல் வரியில் முழுப்பெயர் கேட்டிருந்தார்கள்:
யஷ்வினி ஏ/பி குணாளன்.
எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் மிச்சமிருப்பது
அந்தச் சாய்ந்த கோடு மட்டும்.

சென்ற மாதம் தூக்கம் கெட்டதா?
இல்லை.
காரணம் தெரியாமல் அழுகை வந்ததா?
இல்லை.
நீ இருந்தும் யாருக்கும் பயனில்லை என்று தோன்றியதா?
பென்சில் முனை தானாக வழுக்கிப் போய்
அதே முதல் கட்டத்தில் நிற்கிறது.

இந்தச் சொல் எனக்குப் பழக்கம்.
ஏழு வயதிலேயே தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
லிஃப்ட் பத்தில் நின்றுவிடும், மிச்சத்துக்குப் படி.
அதனால் அவர்கள் வருவது முன்பே கேட்கும்:
மூன்று ஜோடிச் செருப்பு, ஒரு இருமல்.
அப்பா குளியலறைக்குள் போய்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொள்வார்.
அம்மா பாயான் லெப்பாஸ் ஆலையில்,
கண்கள் மட்டும் தெரிகிற வெள்ளை அங்கிக்குள்.
கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நான்,
இடுப்பில் தம்பி.

'அப்பா அடா கா?'
'தா அடா.'

திக்கவே இல்லை.
ஒருவன் சிரித்துவிட்டு, கம்பி இடுக்கில்
ஒரு மிட்டாயை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
காபி மிட்டாய். நல்ல ருசி.
இதை அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அடுத்த வாரம் கதவு முழுக்கச் சிவப்புச் சாயம்.
பக்கத்து வீட்டு மெய் ஷின்னின்
வெள்ளைப் பள்ளிக் காலணியிலும் தெறித்திருந்தது.
அவள் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை,
காலணி அலமாரியை மட்டும்
எங்கள் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்திவிட்டாள்.
திட்டியிருக்கலாம்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது
அப்பா உண்மையாகவே இல்லை.
குளியலறையில் பார்த்தேன்.
தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன்.
தொட்டிக்கு உள்ளேயும் பார்த்தேன்.
அன்று போட்டது ஏழு வயதுக் கணக்கு:
நான் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லித்தான்
அவர் இல்லாமல் போனார்.
கணக்கு தப்பு என்று இப்போது தெரியும்.
தெரிந்தும் விடை மாற மாட்டேனென்கிறது.

நல்ல மதிப்பெண் வந்தால்
திருத்தியவர் அசந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.
என் ஓவியம் அழகு என்று கவின்மலர் சொன்னால்
பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்க்கிறேன்.
சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறேன்,
தம்பி என் தட்டையும் காலி செய்கிறான்,
அதில் ஒரு நிம்மதி.
இரவு மூன்று மணிக்கு லிஃப்ட் பத்தில் நிற்கும்போது
விழித்துக்கொள்கிறேன்.
வராத செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தே
விடிந்துவிடுகிறது.

ஒன்பது வருடம்.
அம்மா கதவுக்குப் பச்சை அடித்துவிட்டாள்.
கீல் மடிப்பில் மட்டும் தூரிகை நுழையவில்லை.
மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது.
யாருக்காவது திறந்தால்தான் தெரியும்.

முதல் கேள்விக்குத் திரும்பிப் போய்
அழிப்பானால் தேய்க்கிறேன்.
அடையாளம் போகிறது, கறை போகவில்லை,
தாள் அந்த இடத்தில் மெலிந்து
மேசை தெரிகிறது.

சிக்கு நோராய்னி தாள்களை வாங்கியபடி வருகிறார்,
ஒவ்வொரு பெயராக, கோடு வரை மட்டும் படிக்கிறார்.
'யஷ்வினி, அடா?'

வாய் பழக்கத்தில் திறக்கிறது.
'தா' வரைக்கும் வந்துவிட்டது.

பின்வரிசையிலிருந்து கவின்மலர்
எனக்காக 'அடா' என்று கத்துகிறாள்.
எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

தாளின் ஒரு முனை சிக்குவின் கையில்.
மறுமுனையை
நான் இன்னும் விடவில்லை.